முகாமுக்குள் ஒரு வீடு

பிப்ரவரி 11

அன்புள்ள அக்காவுக்கு,

போன் செய்தால் நீ எடுப்பதில்லை. எடுத்தாலும் பேச ஆரம்பிப்பதற்குள் சண்டை வந்துவிடுகிறது. காகிதத்தில் எழுதினால் நீ குறுக்கே பேச முடியாதல்லவா, அதற்காகத்தான் இந்தக் கடிதம். கிழித்துப் போடுவதாக இருந்தாலும் படித்துவிட்டுக் கிழி.

நான் அந்த வேலையில் சேர்ந்துவிட்டேன். நம் தெருவை வளைத்துப் போட்டிருந்த ராணுவ முகாமைத் தொழிற்பேட்டையாக மாற்றுகிற கம்பெனியில் கட்டட சூப்பர்வைசர். "அந்த மண்ணுல கூலிக்குப் போனா இனிமே என்னை அக்கான்னு கூப்பிடாதே" என்று நீ சொன்னது காதிலேயே இருக்கிறது. இருந்தும் கூப்பிடுகிறேன். வேறு எப்படிக் கூப்பிடுவது என்று எனக்குத் தெரியாது.

போர் முடிந்து இத்தனை வருஷமாக அந்த முள்வேலியை ஒட்டி சைக்கிளில் போய் வந்திருக்கிறேனே தவிர, உள்ளே எட்டிப் பார்த்ததில்லை. போன வாரம்தான் கேட் வழியாக, கழுத்தில் அட்டை தொங்க, ராஜா மாதிரி நுழைந்தேன். காவல் கோபுரங்களைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். கண்ணிவெடி எடுக்கிறவர்கள் தங்கள் வேலையை முடித்து, பயமில்லாத இடங்களில் வெள்ளைக் கழி நட்டுவிட்டுப் போயிருந்தார்கள். சிப்பாய்கள் படுத்திருந்த நீளக் கூடங்களில் சுவர் முழுக்கக் கட்டில் எண்கள். அங்கேதான் தையல் மெஷின்கள் வரப்போகின்றன. பக்கத்தில் குளிர்பதனக் கிடங்கு. அதற்கப்பால் பிளாஸ்டிக் குழாய் செய்கிற தொழிற்சாலை.

நம் தெருவைத் தேடினேன். தெருவே இல்லை. வீடுகளையெல்லாம் தரைமட்டமாக்கி அணிவகுப்பு மைதானம் போட்டிருக்கிறார்கள். அதன் ஓரத்தில் ஒரே ஒரு வீடு மட்டும் நின்றது. பச்சைப் பெயின்ட், ஜன்னல்களெல்லாம் செங்கல் வைத்து அடைப்பு. ஏதோ ஆபீசாக இருக்கும் என்று படி ஏறினேன். தடுக்கி விழுந்தேன். நமக்குத் தெரிந்த உலகத்தில் மூன்றாவது படி மட்டும் உயரமாக இருக்கிற வீடு ஒன்றுதானே? கொத்தனாரோடு கோபித்துக்கொண்டு அப்பா தன் கையால் கட்டின படி. வந்த விருந்தாளியெல்லாம் விழுந்து கும்பிட்ட படி.

அக்கா, நம் வீடு நிற்கிறது.

உன் தம்பி

*

பிப்ரவரி 28

தம்பிக்கு,

கிழிக்கவில்லை. முதியோர் விடுதியில் எல்லாரையும் குளிப்பாட்டிப் படுக்கவைத்துவிட்டு, பஸ்ஸில் உட்கார்ந்து படித்தேன். இறங்க வேண்டிய இடம் தாண்டிப் போய்விட்டது. பனியில் நடந்து திரும்பி வந்தேன். அதுவும் உன்னால்தான்.

முதலில் என் கோபத்தை எழுதிவிடுகிறேன். உடுத்திய துணியோடு நம்மை வெளியே துரத்தினார்கள். அம்மா வாடகை அறையில், யாரோ ஒருவரின் கட்டிலில் செத்துப்போனாள். இப்போது பட்டாளம் எழுந்து போன இடத்தில் கம்பெனி வந்து உட்காருகிறது. நடுவில் எவனாவது நம்மிடம் வந்து "இது உங்க இடமாச்சே, என்ன செய்யலாம்?" என்று ஒரு வார்த்தை கேட்டானா? நீ என்னடா என்றால் கழுத்தில் அட்டை தொங்கினதும் ராஜாவாகிவிட்டாய்.

சரி. எழுதியாகிவிட்டது.

நடு அறை எப்படி இருக்கிறது? என் புத்தக அலமாரி இருந்த சுவர்? உத்தரத்தில் உன் தொட்டில் கட்டியிருந்த இரும்புக் கொக்கி இருக்கிறதா? உன்னை ஆட்டி ஆட்டி என் கை வீங்கிப்போனது உனக்கெங்கே தெரியப்போகிறது. நிறுத்தினால் போதும், ஊரைக் கூட்டுவாய்.

அந்த வீட்டை எடுக்க விடாதே. அதை மட்டும் செய்தால், நீ அங்கே வேலை செய்வதைப் பொறுத்துக்கொள்கிறேன். பொறுத்துக்கொள்கிறேன் என்றுதான் சொன்னேன். சம்மதம் என்று சொல்லவில்லை.

அக்கா

*

மார்ச் 17

அன்புள்ள அக்காவுக்கு,

கொக்கி இருக்கிறது! டார்ச் அடித்துப் பார்த்தேன். துருப்பிடித்திருந்தாலும் கெட்டியாக இருக்கிறது. அலமாரிச் சுவர் இருக்கிறது, அலமாரி இல்லை. அடுக்களையில் கரி. பின்கதவு புதிதாக இரும்பில் போட்டிருக்கிறார்கள்.

இனி கெட்ட செய்தி. வரைபடத்தில் நம் வீட்டின் மேல் "லாரி நிறுத்துமிடம்" என்று எழுதியிருக்கிறது. உனக்குக் கோபம் வருவதற்கு முன் அடுத்த பத்தியைப் படித்துவிடு.

எங்கள் மேனேஜர் ஒரு அம்மா. வெளியூர்க்காரர். பூட்ஸ் போட்டுக்கொண்டு சேற்றில் எங்களுக்கு முன்னால் நடப்பார். போன திங்கட்கிழமை ஷிப்ட் நேரம் சொல்ல ஒரு சைரன் வாங்கி வந்து மாட்டிச் சோதித்துப் பார்த்தார்கள். அது ஊதியதுதான் தாமதம், சித்தாள்கள் சட்டியைப் போட்டுவிட்டுக் குப்புற விழுந்தார்கள். நான் கான்கிரீட் மிக்ஸருக்கு அடியில் கிடந்தேன். எப்படி உள்ளே போனேன் என்று எனக்கே தெரியவில்லை. இந்தத் தொப்பையோடு வெளியே வர முடியாமல் காலைப் பிடித்து இழுத்தார்கள். மேனேஜர் அம்மா மட்டும் நட்ட நடுவில் நின்று "என்னாச்சு? என்னாச்சு?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். ஒரு சித்தாள் எழுந்து சேலையைத் தட்டிக்கொண்டே சொன்னாள்: "ஒண்ணுமில்லம்மா. பழைய பழக்கம்."

சைரனை அப்போதே கழற்றச் சொல்லிவிட்டார். இனிமேல் மணிதான். அந்த முகத்தைப் பார்த்துத்தான் எனக்குத் தைரியம் வந்தது. வீட்டு விஷயத்தைச் சொன்னேன். "உங்க அக்கா எழுதிக் கேட்கட்டும். நான் மேலே பேசறேன். லாரி வேற பக்கம் நின்னா குடி முழுகிடாது" என்றார்.

எழுது. உனக்கு வரும் கோபத்தில் கால்வாசி போதும். முழுதையும் எழுதினால் கம்பெனியே எழுந்து ஓடிவிடும்.

உன் தம்பி

*

ஏப்ரல் 5

தம்பிக்கு,

மேனேஜர் அம்மாவின் பதில் வந்தது. வீட்டைத் திட்டத்திலிருந்து விலக்கிவிட்டார்களாம். விடுதிச் சமையலறையில் நின்று அழுதேன். கூட வேலை செய்கிற பெண் பயந்துபோய் எனக்குத் தண்ணீர் கொடுத்தாள். "நல்ல சேதிதான்" என்று சொல்லிப் புரியவைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

இப்போது கேள். அந்தப் பச்சையைச் சுரண்டு. ஜன்னலில் இருக்கிற செங்கலை உடைத்து முதலில் வெளிச்சத்தை விடு. பின்பக்க இரும்புக் கதவை எடுத்து எறி. படியைத் தொடாதே, அது அப்பா. மின்சாரம் இழு, நடு அறைக்கு நல்ல பெரிய விளக்கு. ஓய்வு பெற்றதும் வந்துவிடுகிறேன். தொழிற்பேட்டைக்கு நடுவில் ஒரு கிழவி கொடி கட்டித் துணி காயப்போடுவாள். பெரிய பெரிய ஆட்களெல்லாம் காரில் வரும்போது பார்த்துக்கொண்டு போகட்டும்.

நீ அந்த வேலைக்குப் போனது நல்லதாகத்தான் போயிற்று. இதை இன்னொரு தரம் எழுத மாட்டேன்.

அக்கா

*

ஏப்ரல் 24

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். வேலை அதிகம். தையல் கூடத்துக்குக் கூரை மாற்றுகிறோம். நம் பழைய தெருப் பெண்கள் பலர் வேலைக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்.

வீட்டு வேலை கொஞ்சம் தாமதமாகிறது. மின்சாரம் இன்னும் இழுக்கவில்லை. ஆள் கிடைப்பது கஷ்டமாக இருக்கிறது. பார்க்கலாம். நீ உடம்பைப் பார்த்துக்கொள். அங்கே குளிர் குறைந்ததா?

உன் தம்பி

*

மே 8

தம்பிக்கு,

என்ன மறைக்கிறாய்?

இந்தக் கடிதத்தில் ஒரு நக்கல்கூட இல்லை. "குளிர் குறைந்ததா" என்று நீ என்னைக் கேட்டதே கிடையாது. சின்ன வயதில் கண்ணாடியை உடைத்துவிட்டு வந்து "அக்கா, சாப்பிட்டியா?" என்று கேட்பாயே, அதே குரல். மின்சாரத்துக்கு ஆள் இல்லையா? பின்தெரு நெட்டை ஊரிலேயே எலக்ட்ரீஷியனாக இருக்கிறான் என்று போன வருஷமே சொன்னாயே. ஏணி இல்லாமல் நம் கூரையிலிருந்து பந்து எடுத்துத் தருவானே, அவனைக் கூப்பிட்டால் ஒரு மாலையில் முடித்துக் கொடுத்துவிட மாட்டானா?

வீட்டை இடித்துவிட்டார்களா? எதுவானாலும் சொல். நான் இறந்துபோகிறவர்களின் கையைப் பிடித்துக்கொண்டு உட்காருகிறவள். தாங்குவேன்.

அக்கா

*

மே 20

அக்கா,

வீடு இருக்கிறது. யாரும் தொடவில்லை. தொட முடியாமல் இருப்பது நெட்டையால்தான்.

எல்லாக் கூடங்களுக்கும் ஒயரிங் அவன் வேலைதான். நம் வீட்டுக்குச் செய்யச் சொன்னேன். "சரி" என்றான். மறுநாள் படி வரைக்கும் வந்து பையைக் கீழே வைத்தான். தலை சுற்றுகிறது என்று போய்விட்டான். அடுத்த தடவை ஒயர் இல்லை என்றான். இன்னொரு தடவை அவசரம் என்றான். எனக்குப் பொறுமை போய், "அந்த வீட்டுல என்ன, பேயா இருக்கு?" என்று எல்லார் முன்னாலும் கத்திவிட்டேன். அவன் சிரித்தான். நானும் அதோடு விட்டுவிட்டேன்.

சாயங்காலம் டீக்கடையில் அவனாகவே ஆரம்பித்தான்.

"உங்க நடு அறைலதான் என்னை வச்சிருந்தாங்க."

அவனைப் பட்டாளம் பிடித்துக்கொண்டு போனதும், பிறகு விட்டதும் ஊருக்கே தெரியும். எங்கே வைத்திருந்தார்கள் என்று யாரும் கேட்டதில்லை. அவனும் சொன்னதில்லை.

"கண்ணைக் கட்டித்தான் கூட்டிட்டு வந்தாங்க. எங்கே போறோம்னு தெரியலை. படியில தடுக்கி விழுந்தேன். உடனே தெரிஞ்சுபோச்சு, இது உங்க வீடுன்னு. சொன்னா சிரிப்பே, அந்த நேரத்துல கொஞ்சம் தைரியம் வந்துச்சு. உங்கம்மா எனக்குச் சோறு போட்ட வீடுதானே, இங்கே என்ன ஆகிடும்னு."

நான் இன்னொரு டீ சொன்னேன்.

"மேலே ஒரு கொக்கி இருக்குமே" என்றான்.

நான் முட்டாள், அக்கா. பேச்சை மாற்றுகிற நினைப்பில், "ஆமா, என் தொட்டில் கட்டினது" என்று சிரித்துக்கொண்டே சொன்னேன்.

அவன் டீ கிளாஸையே பார்த்துக்கொண்டிருந்தான். "அதுலதான் என் கையைக் கட்டினாங்க" என்றான்.

அவன் இடது கை தோளுக்கு மேல் போகாது. ஏணியில் ஒரு கையாலேயே எல்லாம் செய்வான். நாங்கள் அவனை ஒத்தைக் கை வித்தைக்காரன் என்று கேலி செய்வோம். நானும்தான்.

உனக்கு எழுத வேண்டாம் என்றான். "அக்காவுக்கு அது வீடு. அது அப்படியே இருக்கட்டும். நான் வேற எலக்ட்ரீஷியன் பார்த்துத் தரேன்." நான் எழுதுகிறேன். இதை வைத்துக்கொண்டு உனக்கு ஜன்னல் கதை எழுத என்னால் முடியவில்லை.

தம்பி

*

ஜூன் 9

தம்பிக்கு,

பல தடவை எழுதிக் கிழித்தேன்.

உண்மையைச் சொல்கிறேன். உன் கடிதத்தைப் படித்ததும் எனக்கு முதலில் வந்தது இரக்கம் இல்லை. "ஐயோ, என் வீடு போச்சே" என்றுதான் வந்தது. அவன் தோளைப் பற்றிப் படித்த பிறகும் அதுதான் வந்தது. அவனை ஏன் நம் வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள், வேறு வீடா கிடைக்கவில்லை என்று நினைத்தேன். இப்படி ஒரு மனுஷி நான் என்று எனக்கே தெரியாது.

பிறகு மெல்ல மெல்ல அவன் வந்தான். அம்மா சோறு போட்டால் தட்டைப் பார்க்காமல் என் புத்தகத்தை எட்டிப் படித்துக்கொண்டே சாப்பிடுகிற நெட்டை. வாசலில் குனிய மறந்து நிலையில் தலை இடித்துக்கொள்கிற நெட்டை. படியில் விழுந்ததும் தைரியம் வந்ததாம். நம் வீடு அவனைக் காப்பாற்றும் என்று நம்பியிருக்கிறான்.

நான் பெரிய விளக்கு போடச் சொன்னேனே, அவனையே கூப்பிடச் சொன்னேனே.

அவனிடம் கேள். இடிக்கலாமா, வைக்கலாமா? அவன் என்ன சொல்கிறானோ அதுதான். இனி அதில் எனக்குப் பேச்சில்லை.

அக்கா

*

ஜூன் 25

அன்புள்ள அக்காவுக்கு,

கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

அவனுக்கு என்மேல் முதல் தடவையாகக் கோபம் வந்தது. "நான் சொல்லி உங்க வீடு இடிஞ்சுதுன்னு ஆகணுமா? அந்தப் பாவமும் என் தலையிலயா? இருக்கட்டும்னு சொன்னா தினமும் அதைத் தாண்டித்தான் நான் வேலைக்குப் போகணும். இடின்னு சொன்னா உங்கப்பா கட்டின படியை நான் உடைச்சவன் ஆவேன். எதுக்குடா என்கிட்ட கேட்கறே?" என்றான். எழுந்து போய்விட்டான்.

அவன் சொல்வது சரிதான். நாம் இரண்டு பேரும் நல்லவர்களாக இருக்க ஆசைப்பட்டு, பாரத்தை அவன் தோளில் வைத்தோம். அதுவும் எந்தத் தோளில்.

மேனேஜர் அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன். அவனிடம் கேட்டுக்கொண்டுதான் சொன்னேன். அவருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை. "சாட்சியா வச்சிருக்கணும்னு சில பேர் சொல்வாங்களே" என்றார். அதையும் நெட்டையிடம் மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன். "நடந்தது என் உடம்புல இருக்கு. சுவர் வந்தா சாட்சி சொல்லப்போகுது?" என்றான்.

உன் தம்பி

*

ஜூலை 8

தம்பிக்கு,

லீவு கேட்டேன். கிடைத்துவிட்டது. ஆகஸ்டில் வருகிறேன். அதுவரை யாரையும் எதுவும் கேட்காதே. வீட்டைப் படம் எடுத்து வைக்க மேனேஜர் அம்மாவிடம் சொல். நெட்டைக்கு என்றைக்காவது வேண்டியிருந்தால் இருக்கட்டும்.

நெட்டையிடம் நான் வருவதை மட்டும் சொல்.

அக்கா

*

செப்டம்பர் 6

அன்புள்ள அக்காவுக்கு,

நல்லபடியாகப் போய்ச் சேர்ந்ததாகச் செய்தி வந்தது. விமான நிலையத்தில் நீ என்னிடம் ஒன்றும் பேசவில்லை. பேசினால் இருவரும் ஊரைக் கூட்டியிருப்போம். அதனால் சொல்லாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன்.

வீட்டை இடித்த அன்றைக்கு நெட்டை கேட்டுக்கு வெளியிலேயே நின்றுகொண்டான். நீதான் போய் அவன் கையைப் பிடித்துக் கூட்டி வந்தாய். நான் பின்னால் வந்தேன், எல்லாம் காதில் விழுந்தது. "இது என் வீடு. இடிக்கச் சொல்றது நான். உன்கிட்ட யாரும் அனுமதி கேட்கலை, புரியுதா? நீ சும்மா என் பக்கத்துல நில்லு. எனக்குத் தனியா நிக்கப் பயமா இருக்கு" என்றாய். அதட்டிக்கொண்டே அழுவது உன்னால் மட்டும்தான் முடியும்.

பொக்லைன் ஓட்டுகிறவர் எங்கே ஆரம்பிக்கட்டும் என்று கேட்டதும், நீ படியைக் காட்டினாய். நான் எதிர்பார்க்கவில்லை. கடைசியில்தான் அதைச் சொல்வாய் என்று நினைத்தேன். நெட்டை "அக்கா, வேண்டாம்" என்றான். "அது ஆளைத் தடுக்கி விடுற படிடா" என்றாய் நீ. அந்த நேரத்திலும் அவன் சிரித்துவிட்டான். உத்தரம் விழுந்தபோது மட்டும் திரும்பிக்கொண்டான். உன் தோளில் முகத்தை வைக்க அவன் எவ்வளவு குனிய வேண்டியிருந்தது!

நீ போன பிறகு அவன் வேலைக்கு வரவில்லை. போனும் எடுக்கவில்லை. வீட்டுக்கு ஓடினேன். அவன் பெண்டாட்டி கதவைத் திறந்து உதட்டில் விரலை வைத்தாள். "தூங்கறார்" என்றாள். "நேத்து?" என்றேன். "நேத்தும் தூங்கினார். சாப்பிட எழுந்துக்கறார், திரும்பப் படுத்துக்கறார். கல்யாணம் ஆனதிலேருந்து இப்படித் தூங்கி நான் பார்த்ததில்லை." அவள் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்துவிட்டுச் சத்தம் போடாமல் திரும்பி வந்தேன்.

இடத்தை ரோலர் விட்டுச் சமன் செய்துவிட்டோம். அங்கே என்ன வரலாம் என்று மேனேஜர் அம்மா கேட்டார். பூந்தோட்டம், நினைவுக்கல் என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். யாரும் கேட்காமலேயே நெட்டை சொன்னான்: "முதல்ல போட்டிருந்த மாதிரி லாரியே நிக்கட்டும். சத்தமா இருக்கும், டிரைவருங்க சண்டை போடுவாங்க. நல்லா இருக்கும்."

முதல் லாரி வந்தபோது நாங்கள் எல்லாரும் வேலையை விட்டுவிட்டு நின்று பார்த்தோம். டிரைவர் இறங்கி, தன் பேன்ட்டைக் குனிந்து பார்த்துக்கொண்டு, "என்னங்க, எல்லாரும் என்னையே பார்க்கறீங்க?" என்று கேட்டார்.

எனக்கு வருத்தம் இல்லை என்று சொன்னால் அது பொய். சில சமயம் அந்தப் பக்கம் போகாமல் சுற்றிக்கொண்டு போகிறேன். உனக்கு எப்படி இருக்கிறது? குளிரைப் பற்றிக் கேட்கவில்லை. உன்னைப் பற்றிக் கேட்கிறேன்.

உன் தம்பி

*

செப்டம்பர் 30

தம்பிக்கு,

எப்படி இருக்கிறது என்றா கேட்டாய்? பல் பிடுங்கின இடத்தில் நாக்கு போய்ப் போய்த் துழாவுமே, அப்படி இருக்கிறது. வலி இல்லை. ஆனால் நாக்கு சும்மா இருக்க மாட்டேன் என்கிறது.

வீடு போனதால் என் கோபம் தீர்ந்துவிட்டது என்று உன் கம்பெனி நினைத்துக்கொள்ள வேண்டாம். தெருவில் வீடு இழந்த மற்ற எல்லாருக்கும் அவர்கள் பதில் சொல்லியாக வேண்டும். அதை மேனேஜர் அம்மாவுக்குத் தனியாக எழுதியிருக்கிறேன். கால்வாசிக் கோபம் இல்லை, அரைவாசி. அவரும் மேலே அனுப்புகிறேன் என்று எழுதியிருக்கிறார். விடமாட்டேன்.

நெட்டை எனக்கு ஒரு படம் அனுப்பினான். தையல் கூடம். எல்லா விளக்கும் எரிய, பெண்கள் வரிசையாகக் குனிந்து தைத்துக்கொண்டிருக்கிறார்கள். சுவரில் கட்டில் எண்ணைக் காணோம். ஒருத்தி மட்டும் நிமிர்ந்து படம் எடுக்கிறவனைப் பார்த்து ஏதோ திட்டுகிறாள். எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன் தெரியுமா?

இங்கே விடுதியில் ஒரு கிழவர் இருக்கிறார். ஞாபகம் நிற்காது. தினமும் காலையில் நான் சட்டை மாட்டிவிடும்போது, "உனக்கு ஊர்ல என்ன இருக்கு?" என்று புதிதாகக் கேட்பார். நானும் தினமும் வீட்டைப் பற்றிச் சொல்லுவேன். எந்த அறை எங்கே, எந்த ஜன்னலில் வெயில் வரும் என்று இத்தனை வருஷமாக அவருக்குப் புதிதாகச் சொல்லி வந்திருக்கிறேன்.

இன்று கேட்டார். கடைசிப் பொத்தான் வரைக்கும் போட்டு முடித்தேன். பிறகு, "தம்பி இருக்கான்" என்றேன்.

"என்ன வேலை பார்க்கறான்?"

"பட்டாளத்து முகாமைப் பிரிச்சு, ஆளுங்க காலையில போய்ச் சாயங்காலம் வீடு திரும்பற இடமா மாத்தறான்" என்றேன்.

அவர் நன்றாக யோசித்துவிட்டு, "நல்ல பையன்" என்றார். நானும் மறுக்கவில்லை. நீ பக்கத்தில் இல்லாததே நல்லதாயிற்று. இருந்திருந்தால் பெருமையில் உன்னைப் பிடித்து நிறுத்த முடிந்திருக்காது.

அக்கா